மூன்று வாரத்தில் ஏறிய ரத்தம்

பதின்மூன்று புள்ளி இரண்டு.

ரத்தம் பார்க்கும் மெஷினிலிருந்து வந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் அப்படியே நின்றாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் கையில் போன் இருந்தது.

"அம்மா, பதிமூணும்மா. ஆமா, பதிமூணு. ஏழு இல்ல, பதிமூணு."

போனிலிருந்து மாமியார் குரல் ஆய்வுக்கூடம் முழுக்கக் கேட்டது. "நான் சொன்னேன்ல, பீட்ரூட் பீட்ரூட்னு. அந்த டாக்டருங்க கேட்டாங்களா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மெஷின் இதே நாத்தனாருக்கு ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்று என்று சொன்னபோது அந்த வீடு எப்படி ஆடிப்போனது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாத்தனாருக்கு வீட்டில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். நடையும் வேகம், பேச்சும் வேகம். பேருக்கு ஏற்ற மாதிரி ரயில் ஓட்டும் வேலைக்கே தேர்வாகிவிட்டாள். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்தவள் மருமகள். ஏழு என்று வந்ததும், "இந்த ரத்தத்தோட போனா நிராகரிச்சிடுவாங்க, அடுத்த பயிற்சித் தொகுதிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிடு" என்று சொன்னவளும் மருமகள்தான்.

எழுதினாள். முதல் தொகுதி அவளை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டது. அடுத்தது எட்டு மாதம் கழித்து. அன்றைக்கு எக்ஸ்பிரஸ் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

அப்புறம் மூன்று வாரமும் ஒரே அமர்க்களம். இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சை, கீரை, ஈரல். இதற்கெல்லாம் மேலே மாமியாரின் பீட்ரூட். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்பது அந்த அம்மாளின் மருத்துவம்.

"அண்ணி, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? நல்ல சேதிதானே?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"நல்ல சேதிதான். நீ கிளம்பு. நான் சாயங்காலம் வரேன்."

அவள் படியில் குதித்து இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. மருமகள் சீட்டை மறுபடி பார்த்தாள்.

பதினோரு வருடமாக இதே ஆஸ்பத்திரியில், இதே ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்க்கிறவள். இரும்பு மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் ஒன்றரை ஏறும், இரண்டு ஏறும். நன்றாக ஒத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம். ஆறு ஏறாது. பீட்ரூட் தோட்டத்தையே விழுங்கினாலும் ஏறாது.

மெஷின் தப்போ என்று அதே ரத்தத்தை இன்னொரு முறை ஓட்டினாள். பதின்மூன்று புள்ளி ஒன்று.

பழைய சீட்டையும் புதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு லேப் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு எண்களையும் பார்த்தார்.

"நடுவுல ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்போ இந்த ரெண்டுல ஒண்ணு அந்தப் பொண்ணோட ரத்தம் இல்ல." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "ஏழுன்னு வந்தப்ப ஏன்னு யாராவது தேடினீங்களா?"

"வயசுப் பொண்ணு, மாசாமாசம் கொஞ்சம் அதிகமா போகும்னு சொன்னா. அதனாலதான்னு..."

"அதனாலதான்னு நாமளே முடிவு பண்ணிட்டோம். பொம்பளைக்கு ரத்தம் கம்மின்னா யாரும் ஆச்சரியப்படறதில்ல. ஹீமோகுளோபின் கம்மிங்கறது நோய் இல்லம்மா, அது உடம்பு குடுக்கற புகார். சாப்பாடு பத்தாம இருக்கலாம், வயித்துல பூச்சி இருக்கலாம், கிட்னி சோர்ந்திருக்கலாம், பொறப்புலயே செல் சின்னதா இருக்கலாம். எங்கயோ உள்ளுக்குள்ள ஒழுகிட்டிருக்கலாம். காரணத்தைத் தேடாம மாத்திரை குடுத்தா ஓட்டை வாளியில தண்ணி ஊத்தற மாதிரிதான். சரி, அன்னிக்கு இவகூட வேற யாருக்காவது எடுத்தியா?"

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை.

எடுத்தாள். மாமனாருக்கு. ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர், மகளுக்கு எடுக்கும்போது விளையாட்டாக, "எனக்கும் குத்தேன், சும்மா இருக்கற ரத்தம்தானே" என்று கையை நீட்டியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு பேருக்கும் எடுத்தாள். இரண்டும் ஒரே ஊதா மூடி போட்ட குப்பி. ஆஸ்பத்திரியில் என்றால் நோயாளியின் பக்கத்திலேயே நின்று குப்பியில் பெயர் எழுதிவிட்டுத்தான் நகர்வாள். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஆனால் அன்றைக்குக் குழந்தை வீறிட்டு அழுதது. நம்ம வீட்டு ஆட்கள்தானே, எது யாருடையது என்று தெரியாதா என்று ஒன்றை வலது பையிலும் ஒன்றை இடது பையிலும் போட்டுக்கொண்டாள். குழந்தையைத் தூக்கினாள், பால் கொடுத்தாள், சீருடைக்கு மாறினாள், குப்பிகளை அதன் பைகளுக்கு மாற்றினாள், பஸ் பிடித்தாள். ஆய்வுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துதான் பெயர் எழுதினாள்.

கம்ப்யூட்டரில் அந்தத் தேதியைத் திறந்தாள். இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. நாத்தனாருக்கு ஏழு புள்ளி ஒன்று, செல்லின் அளவு அறுபத்து நான்கு. மாமனாருக்குப் பதின்மூன்று புள்ளி நான்கு, அளவு எண்பத்தெட்டு. இன்றைக்கு நாத்தனாருக்கு அளவு எண்பத்தெட்டு, அன்றைக்கு மாமனார் பேரில் இருந்த அதே எண்.

"யார் பேர் எழுதினது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான்தான்."

"எங்க வெச்சு எழுதின?"

டாக்டரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

"அதை அப்புறம் பேசுவோம். பேசித்தான் ஆகணும். இப்போ அந்த ஆம்பளை எங்க இருக்கார்? அறுபது வயசு ஆம்பளைக்கு ஏழுன்னா ரத்தம் எங்கயோ போயிட்டிருக்குன்னு அர்த்தம். அது மூணு வாரத்துக்கு முந்தின ஏழு. இன்னிக்கு எவ்வளவோ."

மருமகள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாமனாரை வீட்டிலும் வெளியிலும் மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாகத் தரையில் டைல்ஸ் பதிக்கிறவர். நாற்பது வருடம் முட்டி போட்டால் முட்டி என்ன ஆகும்? நாலு வருடமாக வலி மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் கட்டன் டீயோடு இரண்டு, மத்தியானம் இரண்டு.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. எல்லாம் கண்முன்னால்தானே நடந்தது. இரண்டு மாதமாக மனிதர் மாடிப்படியில் பாதியில் நின்று, ஜன்னலில் என்னவோ பார்க்கிற மாதிரி பார்ப்பார். ஃபிரிட்ஜில் ஐஸ்கட்டி மிஞ்சுவதில்லை. நாள் முழுக்க வாயில் போட்டு நறநறவென்று கடிப்பார். "பல்லு போயிடும், சின்னப் புள்ளையா நீங்க?" என்று மாமியார் திட்டுவார். ரத்தம் குறைந்தவர்களுக்கு ஐஸ் கடிக்கத் தோன்றும் என்று அவள் படித்திருக்கிறாள். படித்தது சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நம்ம வீட்டுலயே டாக்டர் இருக்கா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்படுவது இந்த டாக்டரைத்தான்.

மாமனார் வேலை செய்கிற புதுக் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் வைக்கவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறினாள். குளியலறை ஒன்றில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின்மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மடியில் தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டம். வாயில் ஐஸ். முகம் சிமென்ட் பூசிய மாதிரி வெளுத்திருந்தது. அது சிமென்ட் இல்லை என்பது கிட்டப் போனதும் தெரிந்தது.

"நீ எங்கம்மா இங்க?" என்று எழுந்திருக்கப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க மாமா." கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. "மூச்சு வாங்குதா?"

"வயசாச்சுல்ல."

"தலை சுத்துதா?"

"வெயில்."

இனி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மாமனாரிடம் மருமகள் கேட்கிற கேள்வியா அது? ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்கிறாள், ஒன்றும் தோன்றியதில்லை.

"மாமா, வெளிய போகும்போது... கறுப்பா போகுதா?"

மேஸ்திரி சுவரில் ஒட்டிய டைல்ஸைப் பார்த்தார். ஒரு மூலையைக் கட்டை விரலால் தடவினார்.

"தார் மாதிரி போகுதும்மா. ரெண்டு மாசமா. உடம்புச் சூடுன்னு நெனச்சேன்."

"அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?"

அவள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "இந்த மூணாவது மாடிக்கு டைல்ஸ் பெட்டி தூக்க பத்து பேர் இருந்தாங்கன்னு வெச்சுக்குங்க. இப்போ நாலு பேர்தான் இருக்காங்க. வேலை அதே வேலை. நாலு பேரும் ஓடி ஓடித் தூக்கறாங்க. உங்க ரத்தத்துல அதான் நடக்குது. மூச்சுக்காத்தைத் தூக்கிட்டுப் போற ஆளுங்க குறைஞ்சு போயிட்டாங்க, அதனால நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"மீதி ஆறு பேர் எங்க போனாங்க?"

"வயித்துல புண்ணு இருக்கலாம். அந்த மாத்திரையால. வேற எதுவாவது இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

மேஸ்திரிக்கு விவரம் பத்தாது என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. நூல் பிடித்து அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பார்க்கிறவர். ஐஸைக் கடித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு என் ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னியே?"

அவள் சொல்லிவிட்டாள். குப்பி, பை, குழந்தை அழுதது, எல்லாம். மேஸ்திரி முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

"நான் ஒரு தடவை ஒரு முழுக் கூடத்தையே தப்பான சரிவுல ஒட்டினேன். தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ள வந்துச்சு" என்றார். "சரி, எழுந்திரு. வீட்ல யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு மயக்கம் வந்துச்சு, நீ வந்து கூட்டிட்டுப் போன. அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் மனசு தாங்காது. உங்க அத்தை வாயும் உனக்குத் தெரியும்."

ஒவ்வொரு படியாக, மாடிக்கு இரண்டு முறை உட்கார்ந்து, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் சொன்னது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எண் ஐந்து புள்ளி ஆறு.

வார்டு டாக்டர் நேரத்தை வீணாக்கவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும், நாளைக் காலையில் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். புண் என்றால் மருந்தில் ஆறிவிடும். வேறு ஏதாவது என்றால் நாளைக்குப் பேசலாம். அந்த 'வேறு ஏதாவது' என்ற வார்த்தையை அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டார்.

மாமியாரும் எக்ஸ்பிரஸும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது முதல் பை ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கட்டிலில் படுத்தபடி மருமகளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம்.

"நல்லவேளை, நீ போய்ப் பாத்த" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்."

மருமகளுக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போல இருந்தது.

ரத்த வங்கி ஆய்வுக்கூடத்தை அடுத்த அறை. அங்கே இருக்கிறவர் அவளோடு பத்து வருடமாக டீ குடிக்கிறவர். அவர்தான் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அவர் குரூப்புல கையிருப்பு ரெண்டே பை. ஒண்ணு போட்டாச்சு. ரெண்டாவதையும் எடுத்தா வங்கி காலி. வீட்டு ஆள் ஒருத்தர் பதிலுக்குக் குடுத்தா எழுதி எடுத்துடலாம். எந்த குரூப்பா இருந்தாலும் சரி."

யார் கொடுப்பது? மருமகள் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள், எடுக்க மாட்டார்கள். மாமியார் இன்சுலின் போடுகிறவர். மருமகளின் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான்.

"நான் குடுக்கறேன்" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"நீ சும்மா இரு" என்றார் மாமியார். "இப்பதான் மூணு வாரம் பாடுபட்டு ஏத்தியிருக்கேன். உன் ரத்தத்தையும் உருவிட்டா? அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல உன்னையும் போட்டு ரெண்டு பேரையும் நான் பாக்கணுமா?"

"இன்னும் ஏழு மாசம் இருக்கும்மா வேலைக்கு. திரும்பவும் ஏத்திக்கறேன்."

படிவத்தை வாங்கி வேகவேகமாக நிரப்பிக்கொண்டு வந்தவள் ஒரு கேள்வியில் நின்றாள். கடந்த ஆறு மாதத்தில் ரத்தசோகை இருந்ததா?

"ஆமான்னு எழுதினா எடுக்க மாட்டாங்கல்ல அண்ணி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எடுக்க மாட்டாங்க."

"இல்லன்னு எழுதிடறேன். விரல்ல குத்திப் பாத்தா பதிமூணுதானே காட்டும். எனக்கு ஏதாவது ஆனா ஆகட்டும். அப்பாவுக்கு மேலயா?"

மருமகள் அவளைப் பார்த்தாள். இந்தப் பெண் ஒரு பொய்யை எழுதி, தன் உடம்பைப் பணயம் வைப்பதாக நம்பிக்கொண்டு, அப்பாவுக்காகத் துணிகிறாள். பின்னால் மாமியார் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். மருமகள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. எழுதுவாள், விரலில் குத்துவார்கள், எண் சரியாக இருக்கும், ரத்தம் எடுப்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். மேஸ்திரியும் செத்தாலும் சொல்ல மாட்டார்.

"அது பொய் இல்ல" என்றாள் மருமகள்.

"என்ன அண்ணி?"

"உனக்கு ரத்தசோகை இருந்ததே இல்ல. அந்த ஏழு உன்னோடது இல்ல, மாமாவோடது. நான் குப்பியில பேரை மாத்தி எழுதிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது."

எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கினவள் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"அப்போ நான் மெடிக்கலுக்குப் போயிருக்கலாம்."

"ஆமா."

"இந்நேரம் பயிற்சியில இருந்திருப்பேன்."

"ஆமா."

"அப்பா மூணு வாரமா... இதோட... டைல்ஸ் பெட்டி தூக்கிட்டு..."

மருமகளால் மூன்றாவது ஆமாம் சொல்ல முடியவில்லை. மாமியார் அழுகையை நிறுத்திவிட்டார். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எதிரில் நிற்பது யார் என்று தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

எக்ஸ்பிரஸ் குனிந்து, அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள். ரத்த வங்கிக்காரர் பையை எடுக்கத் திரும்பினார். மருமகள் வழக்கம்போல ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

எக்ஸ்பிரஸ் கையை இழுத்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம் அண்ணி. அவரே எடுக்கட்டும்."

கத்தவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். மருமகள் பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதையில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். குழந்தையை அவளிடம் தரவில்லை. போனைத்தான் நீட்டினார்.

"உன் புருஷன். அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறான்" என்றார். "என் வாயால நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."